டர்பன் குன்றுகளில் ஹாம் வானொலி மெஷ் வலையமைப்பு: இடத்தேர்வு முதல் பராமரிப்பு வரை

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் கடற்கரையில் கொட்டிய மழை சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த வெள்ளத்தில் நூற்றுக்கணக்கான கைப்பேசிக் கோபுரங்கள் மின்சாரம் நின்றும் ஃபைபர் அறுந்தும் செயலிழந்தன. அத்தகைய வேளையில் இரண்டு மீட்டர் வரிசையில் இயங்கும் கையடக்க வானொலி குரலைக் கொண்டு சேர்க்கும். ஆனால் முகாமில் தங்கியிருப்போரின் பெயர்ப்பட்டியல், உடைந்த பாலத்தின் படம், மருந்துத் தேவைகளின் அட்டவணை போன்றவற்றைக் குரலில் படித்துக்காட்டி எழுதிக்கொள்வது நேரத்தைத் தின்னும். பிழைக்கும் இடம் தரும். இந்தக் குறையை நிரப்புவதற்காகவே, கடையில் வாங்கும் வைஃபை கருவிகளின் மென்பொருளை மாற்றி, அவற்றை ஹாம் எனப்படும் தன்னார்வ வானொலியாளருக்குரிய அலைவரிசைகளில் இயக்கி, இணையத்தைச் சாராத ஒரு தரவு வலையை நாமே அமைத்துக்கொள்ளும் முறை வளர்ந்திருக்கிறது. ஏஆர்இடிஎன் என்னும் தன்னார்வலர் திட்டம் அதற்கான ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் பதியும் மென்பொருளை, இலவசமாக வெளியிடுகிறது. டர்பனையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனத்தில் வைத்து, இத்தகைய வலையை அமைக்கும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வலையின் ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. ஒரே அலைவரிசையிலும் ஒரே அகலத்திலும் இயங்கும் கணுக்கள் ஒன்றையொன்று தாமே கண்டறிந்து, எந்தக் கணு வழியாக எந்தக் கணுவை அடையலாம் என்ற செய்தியைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. முன்பு ஓஎல்எஸ்ஆர் என்ற நெறிமுறை செய்த இவ்வேலையை அண்மைப் பதிப்புகளில் பேபல் என்ற நெறிமுறை செய்கிறது. ஒரு கணு அணைந்தால், மாற்றுப்பாதை இருக்குமானால், தரவு அவ்வழியே திரும்பும். அந்த மாற்றுப்பாதையை மென்பொருளால் உண்டாக்கித் தர முடியாது. குன்று, கூரை, கம்பம் ஆகியவற்றைப் பார்த்து நாம்தான் அதை ஏற்படுத்த வேண்டும். மெஷ் என்ற பெயரைக் கேட்டு, கருவிகளை வாங்கி மாட்டினால் வலை தானே பின்னிக்கொள்ளும் என்று நம்புவோர் பலர். உழைப்பில் பெரும்பங்கு, கருவியின் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உரிமமும் அலைவரிசையும்

ஹாம் அலைவரிசையில் அலைபரப்ப உரிமம் தேவை. தென்னாப்பிரிக்காவில் உரிமம் வழங்குவது இகாசா என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அதற்கான தேர்வை 1925-இல் தொடங்கப்பட்ட சவுத் ஆஃப்ரிகன் ரேடியோ லீக் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. குவாசுலு-நடாலுக்குரிய எண் 5 என்பதால் இங்குள்ள அழைப்புக்குறிகள், அதாவது நிலையங்களின் அடையாளப் பெயர்கள், பெரும்பாலும் இசட்எஸ் 5 என்று தொடங்குகின்றன. லீக்கின் ஹாம்நெட் பிரிவு அவசரகாலத் தொடர்புக்கென்றே இயங்குவதால், வலை அமைக்க எண்ணுவோர் முதலில் அப்பிரிவினரோடு பேசுவது நல்லது. உயரமான இடங்களில் கருவி வைக்க அனுமதி பெறுவதிலிருந்து பயிற்சி நடத்துவது வரை அந்த உறவு கைகொடுக்கும்.

அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம் நாட்டவர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். ஏஆர்இடிஎன் அமெரிக்காவில் பிறந்த திட்டம். அதன் கையேடுகளும் காணொளிகளும் அமெரிக்க அலைவரிசைப் பங்கீட்டை மனத்தில் கொண்டே பேசுகின்றன. அங்கே ஹாம் வரிசை 5650 முதல் 5925 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்வதால், வைஃபை நெரிசல் குறைந்த 5850-க்கு மேற்பட்ட பகுதியைப் பயன்படுத்தும்படி அவை பரிந்துரைக்கின்றன. நாம் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முதலாம் மண்டலத்தைச் சேர்ந்தவர்கள். இம்மண்டலத்தில் அவ்வரிசை 5850 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. ஃபர்ம்வேரின் பட்டியல் 184 வரை சேனல் எண்களைக் காட்டும். சேனல் எண்ணை ஐந்தால் பெருக்கி 5000-ஐக் கூட்டினால் அதன் மைய அதிர்வெண் கிடைக்கும் என்பதால், 170 என்ற எண் எல்லைக்கோட்டின் மீதே அமைகிறது. பத்து மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கும் சேனல் மையத்தின் இருபுறமும் ஐந்து ஐந்தாகப் பரவும். எனவே 169-ஐத் தாண்டக் கூடாது. அந்த 169-ஐயும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதைவிட உள்ளே தள்ளி இயங்குவதே பாதுகாப்பு. மேலும் 5830 முதல் 5850 வரையிலான பகுதி ஹாம் செயற்கைக்கோள்களின் இறங்குவழியாகவும் ஒதுக்கப்பட்டுள்ளது.

2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில், வழக்கமான வைஃபை சேனல்களுக்குக் கீழே 2397 மெகாஹெர்ட்ஸில் அமைந்த, கழித்தல் 2 என்று எண்ணிடப்பட்ட சேனலைப் பலர் விரும்புகின்றனர். வீட்டு ரவுட்டர்கள் அங்கே வருவதில்லை என்பதே அதன் சிறப்பு. ஆனால் 2300 வரிசையில் இங்கே டெல்காம் நிறுவனம் எல்டிஇ கைப்பேசி இணையச் சேவை நடத்துகிறது. ஆகவே இகாசாவின் நடப்பு அலைவரிசை ஒழுங்குமுறையையும் லீக்கின் பேண்ட் திட்டத்தையும் பார்த்து உறுதி செய்த பிறகே அதை இயக்க வேண்டும். இவ்விரு வரிசைகளிலும் நாம் இரண்டாம் நிலைப் பயனர்கள். முதன்மைப் பயனருக்கு இடையூறு செய்யக் கூடாது, அவர்களால் நமக்கு இடையூறு வந்தால் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். பழைய பொருள் சந்தையில் 3 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் மலிவாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம். அவ்வரிசை இங்கே கைப்பேசி நிறுவனங்களுக்கு உரியது.

ஹாம் வலையில் வணிகத் தகவல் செல்லக் கூடாது. பொருளை மறைக்கும் நோக்கத்தில் குறியாக்கமும் செய்யக் கூடாது. உரிமம் இல்லாத ஒருவரின் செய்தியை அவருக்காக அனுப்புவதற்குள்ள கட்டுப்பாடுகளையும் உரிம விதிகளில் படித்துக்கொள்ள வேண்டும். கோயில் நிர்வாகமோ சமூக மன்றமோ தன் அன்றாட இணையத் தேவைக்கு இவ்வலையைக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். அவர்களுக்கு உரிமம் வேண்டாத வைஃபையில், உரிய திறன் வரம்புக்குள், வேறொரு வலை அமைத்துக் கொடுக்கலாம். இரண்டையும் கலக்கக் கூடாது.

நிலத்தைப் படித்தல்

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த் ஒரு பக்கம் உம்ஹ்லதுசானா ஆற்றுக்கும் மறுபக்கம் உம்லாஸ் ஆற்றுக்கும் இடையே, மேடும் பள்ளமுமாக அமைந்த பகுதி. ஒரு மேட்டின் உச்சியில் உள்ள வீட்டிலிருந்து கடல் தெரியும்; அதே தெருவில் சற்றுக் கீழே இறங்கினால் எதிர்மேட்டின் சுவரே தெரியும். இசிபிங்கோ தாழ்ந்த சமவெளி, வெள்ளம் வரும் இடம். தேவை அங்கேதான் மிகுதி, பார்வை அங்கேதான் குறைவு. வடக்கே ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் ஆகிய ஊர்களை நேரே இணைக்க முனைவதைவிட, மேற்கே கிளூஃப் பக்கத்து உயர்நிலங்களில் அல்லது பெரிய கட்டடங்களின் மேல் ஒரு மையக் கணுவை நிறுவி, அதன் வழியே இணைப்பது பெரும்பாலும் எளிது.

இரு இடங்களுக்கும் இடையிலான நிலக் குறுக்குவெட்டை கூகுள் எர்த் போன்ற கருவிகளில் வரைந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. வானொலி அலை ஒரு கோடாகச் செல்லாமல், நடுவே பருத்த ஒரு வெளியை நிரப்பிக்கொண்டு செல்கிறது. அதற்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். 5.7 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுப்பகுதியில் இம்மண்டலத்தின் ஆரம் ஏறத்தாழ 11.5 மீட்டர், அதில் அறுபது விழுக்காடு, அதாவது 7 மீட்டர் அளவாவது, மரமும் கூரையும் இன்றித் திறந்திருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் இணைப்பில் நடுப்பகுதியின் ஆரம் 18 மீட்டரை எட்டும். பூமியின் வளைவு மேலும் 9 மீட்டர் எழும்பும். ஆகவே இரு முனைகளையும் இணைக்கும் கோடு நடுவில் உள்ள தடையைவிட 20 மீட்டர் மேலே செல்ல வேண்டும். நிலவரைபடம் மரங்களைக் காட்டாது. டர்பனின் மாமரமும் அவகாடோ மரமும் ஆண்டு முழுதும் இலை சுமப்பவை. மழையில் நனைந்த இலைக்கூட்டம் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். வலை தேவைப்படும் நாள் மழைநாள்தான் என்பதை மறக்கலாகாது.

அடுத்து ஒரு சிறு கணக்கு. 10 கிலோமீட்டரில், 5.7 கிகாஹெர்ட்ஸில், வெட்டவெளி இழப்பு ஏறத்தாழ 127.6 டெசிபல். அலைபரப்பியின் திறன் 20 டிபிஎம் (100 மில்லிவாட்), இருபுறமும் 23 டெசிபல் பெருக்கமுள்ள டிஷ் என்று கொண்டால், மறுமுனைக்கு வந்து சேர்வது கழித்தல் 61.6 டிபிஎம். டிஷ்ஷுக்குப் பதிலாக 16 டெசிபல் பேனல் ஆன்டெனாவை வைத்தால் அது கழித்தல் 75.6 ஆகக் குறையும். பத்து மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சல் தளம் கழித்தல் 98 அளவில் இருக்குமானால், முதலாவதில் 36 டெசிபலும் இரண்டாவதில் 22 டெசிபலும் மிஞ்சும். சுற்றிலும் இணையச் சேவை நிறுவனங்களின் அலைபரப்பிகள் நிறைந்த நகரத்தில் இரைச்சல் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 15 டெசிபலுக்குக் குறைந்த மிச்சத்தோடு நிற்கும் இணைப்பை நான் இணைப்பாகக் கருதுவதில்லை. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவைத் திருப்பும்போது மீண்டும் தேவைப்படும்.

கருவிகளும் ஃபர்ம்வேரும்

யூபிகுவிட்டியின் பழைய எம் வரிசை, மைக்ரோடிக்கின் எல்எச்ஜி, எஸ்எக்ஸ்டி, ஹாப் வகைகள், டிபி-லிங்கின் சிபிஇ வகைகள் ஆகியவற்றில் ஏஆர்இடிஎன் இயங்கும். இணையச் சேவை நிறுவனங்களும் கேப் டவுன், ஜோஹன்னஸ்பர்க் வயர்லெஸ் குழுக்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்துவதால் மைக்ரோடிக் இங்கே எளிதில் கிடைக்கிறது. வாங்கும் முன் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் துல்லியமான மாடல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஒரே பெயரில் வெளிவந்த கருவியின் உள்பலகை மாறியிருக்கலாம். யூபிகுவிட்டியில் எக்ஸ்எம், எக்ஸ்டபிள்யூ என்ற இரு உள்பலகைகளுக்கும் வெவ்வேறு கோப்பு. நினைவகம் குறைந்த பழைய கருவிகளுக்குப் புதிய பதிப்புகள் வராமல் போகலாம். இலவசமாகக் கிடைத்தாலன்றி அவற்றை நாட வேண்டாம்.

ஃபர்ம்வேரை ஏற்றும் வேலையைக் கூரையில் செய்யக் கூடாது. எல்லாக் கருவிகளையும் மேசையில் வைத்து முடித்த பிறகே ஏணியை எடுக்க வேண்டும். யூபிகுவிட்டி கருவியில், ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்து, விளக்குகள் மாறிமாறி மின்னும்வரை காத்திருந்து, 192.168.1.20 என்ற முகவரிக்கு டிஎஃப்டிபி என்ற கோப்பனுப்பும் முறையில் கோப்பை அனுப்ப வேண்டும். மைக்ரோடிக்கில் இது இரண்டு படி: முதலில் கணினியிலிருந்து ஒரு தற்காலிகப் படிமத்தை வலைவழியாகத் துவக்கி, பின்பு அதன் வலைப்பக்கத்திலிருந்து நிலையான படிமத்தை ஏற்ற வேண்டும். இடையில் கணினியின் வைஃபையும் ஃபயர்வாலும் அணைந்திருக்கட்டும்; தோல்விகளில் பெரும்பாலானவை இவ்விரண்டால் வருபவை.

ஏற்றி முடிந்த கணு 192.168.1.1 என்ற முகவரியில் திறக்கும். கணுவின் பெயர் அழைப்புக்குறியோடு தொடங்கி, சிறுகோடிட்டு, இடத்தின் பெயரைக் கொண்டிருக்க வேண்டும். பெயரை வலை தொடர்ந்து அறிவிப்பதால் நிலைய அடையாளக் கடமையும் நிறைவேறிவிடும். கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். இயல்பான கடவுச்சொல் உலகறிந்தது. பிறகு சேனல், அகலம், திறன், தொலைவு ஆகியவற்றை அமைத்து மறுதொடக்கம் செய்தால், கருவி தன் வன்பொருள் எண்ணிலிருந்து 10 என்று தொடங்கும் முகவரியைத் தானே பெற்றுக்கொள்ளும். அதன்பின் லோக்கல்நோட் டாட் லோக்கல் டாட் மெஷ் என்ற பெயரில் அதை அடையலாம். அகலத்தை 10 மெகாஹெர்ட்ஸாக வைப்பதே இங்கே என் தேர்வு. 20-இலிருந்து பாதியாக்கினால் வேகம் குறையும். ஆனால் இரைச்சல் 3 டெசிபல் தாழ்வதோடு நெரிசலுக்குள் நுழையவும் இடம் கிடைக்கும். எல்லாக் கணுக்களிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். நெறிமுறை மாறிய பதிப்புகளைக் கலந்தால் அண்டைக் கணு தெரியும், பாதை தெரியாது.

உங்கள் இணைய இணைப்பை வலைக்குத் திறந்துவிடும் அமைப்பு அணைந்தே இருக்கட்டும். தனித்து நிற்கும் தொலைதூர மெஷ் வலைகளை இணையம் வழியாக இணைக்கும் டன்னல் வசதி பயிற்சிக்கு நல்லது. ஆனால் இணையம் விழும்போது அதுவும் விழுமாதலால், வரைபடத்தில் அதைப் பாதையாக வரையாதீர்கள்.

ஒரே சேனலில் தாவினால் வேகம் பாதியாகும்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் செய்தி இது. ஒரு கணு ஒரே வானொலியால் ஒரே சேனலில் கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்ல வேண்டுமானால், கேட்கும்போது பேச முடியாது. பேசும்போது கேட்க முடியாது. ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. இதோடு, ஒரு குன்றின் இருபுறமும் உள்ள இரண்டு கணுக்கள் ஒன்றையொன்று கேளாமல், நடுவில் உள்ள கணுவை ஒரே நேரத்தில் அழைத்து மோதவும் செய்யும். ஆகவே மையக் கணுவில் ஒரே ஒரு சுற்றுமுக ஆன்டெனாவை நட்டு எல்லோரையும் அதோடு பேசவிடுவது, வரைபடத்தில் அழகாகத் தோன்றினாலும், நெருக்கடியில் திணறும்.

நீண்ட இணைப்புகளை 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் இணைகளாக, ஒவ்வோர் இணைக்கும் தனிச் சேனல் கொடுத்து அமைக்க வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வேறொரு சேனலில், முடிந்தால் 2.4 வரிசையில், ஒரு பக்கமாக விரிந்து பரப்பும் செக்டர் ஆன்டெனாவை வைக்கலாம். ஒரே கம்பத்தில் உள்ள கருவிகளை ஈதர்நெட் கேபிளால் இணைத்துவிட்டால், அவை காற்றைச் செலவழிக்காமல் தமக்குள் பேசிக்கொள்ளும். இது டிடிடி, அதாவது கருவிக்குக் கருவி, இணைப்பு எனப்படுகிறது. ஒரே கேபிளைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் விலான் எண்களில், விலான் 2 அதற்கானது, விலான் 1 இணையப் பக்கத்துக்கானது. விலான் அறியாத மலிவான ஸ்விட்சை நடுவில் வைத்தால் எதிர்பாராத குழப்பங்கள் நேரும். மைக்ரோடிக் ஹாப் ஏசி லைட் ஒன்றைக் கட்டடத்துக்குள் வைத்தால் அதன் முதல் துளை இணையத்துக்கும், 2 முதல் 4 வரை உள்ளூர்க் கருவிகளுக்கும், ஐந்தாவது கூரைக் கணுவுக்கும் அமைந்துவிடும். ஐந்தாவது துளை மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும்.

திருப்புதலும் மின்சாரமும்

டிஷ்ஷைத் திருப்பும்போது ஒருவர் மெதுவாக நகர்த்த, மற்றொருவர் வலைப்பக்கத்தில் சிக்னல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். முதலில் கிடைக்கும் உச்சத்தோடு நின்றுவிடாதீர்கள். டிஷ்ஷின் முதன்மைக் கற்றையின் இருபுறமும் சிறு பக்கக் கற்றைகள் உண்டு. இடமிருந்து வலமாக முழுதும் துழாவினால் சிறிய உச்சம், பெரிய உச்சம், மீண்டும் சிறிய உச்சம் என்று வரும். நடுவில் உள்ளதே வேண்டியது. மேல்கீழாகவும் இவ்வாறே செய்து முடித்தபின், முன்பு கணக்கிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்று நான்கு டெசிபல் வேறுபாடு இயல்பு. பதினைந்து, இருபது டெசிபல் குறைந்தால் பக்கக் கற்றையில் நிற்கிறீர்கள், அல்லது மரமோ கூரையோ மறைக்கிறது. அதைத் திறனைக் கூட்டி மறைக்க முயலக் கூடாது.

லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு பழகிய நாட்டில் பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவோர் உண்டு. மூன்று கருவிகள் கொண்ட மையக் கணு 20 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி உண்டு. அதில் எண்பது விழுக்காட்டைப் பயன்படுத்தினால் 51 மணி நேரம், அதாவது இரண்டு நாள், தாங்கும். கேபிளில் ஏற்படும் இழப்பையும் பார்க்க வேண்டும். 30 மீட்டர் கேட் 5இ கேபிளில் 12 வோல்ட்டில் 8 வாட் அனுப்பினால் ஒன்றரை முதல் இரண்டு வோல்ட் வரை வழியிலேயே போய்விடும்; குறைந்தது 12 வோல்ட் கேட்கும் கருவி அப்போது தொடங்கவே தொடங்காது. பேட்டரியின் அருகில் 24 வோல்ட்டாக உயர்த்தி அனுப்புவதே தீர்வு. இக்கருவிகளில் பல, தரவுக் கேபிள் வழியே நேரடியாக மின்சாரம் பெறும் பாசிவ் பிஓஇ வகை. அலுவலக ஸ்விட்சுகளில் உள்ள தரப்படுத்தப்பட்ட 48 வோல்ட் வகையோடு குழப்பிக்கொண்டால் கருவிக்கு மின்சாரம் கிடைக்காமல் போகலாம், பொருந்தாத வோல்ட்டேஜில் எரியவும் கூடும்.

கடற்கரை உப்புக்காற்று சாதாரண ஆணிகளை ஓரிரு ஆண்டுகளில் தின்றுவிடும். 316 தரத் துருப்பிடிக்கா எஃகு கிளாம்புகளையும், வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளையும் வாங்குங்கள். கேபிள் கருவிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி வளைந்து ஏறட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கம்பத்தைத் தடித்த கம்பியால் பூமியோடு இணைத்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பானை வைக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேடு எதிலும் இல்லாத ஓர் எச்சரிக்கையும் உண்டு: வெர்வெட் குரங்குகள். தொங்கும் கேபிளை அவை விட்டுவைப்பதில்லை. கூரை விளிம்பிலிருந்து கம்பம் வரை கேபிளைக் குழாய்க்குள் செலுத்துங்கள். மனிதத் திருடர்களுக்கு பேட்டரி மீது கண் என்பதால், அது பூட்டிய உள்ளறையில் இருக்கட்டும்.

வலையின் மேல் என்ன ஓடும்

குறைவாகத் தொடங்குங்கள். மெஷ்சாட் என்ற எழுத்து உரையாடல், வலைவழியே பேசும் இரண்டு எஸ்ஐபி தொலைபேசிகள், கோப்புப் பகிர்வுக்கு ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கணினி போதும். தொலைபேசிகள் ஐபி முகவரியால் நேரடியாக அழைக்கும்படி அமைந்தால், மையச் சேவையகம் அணைந்தாலும் இருவர் பேசலாம். கேமராவை எல்லோரும் முதலில் கேட்பார்கள். வலையை முதலில் நிரப்புவதும் அதுதான். தெளிவைக் குறைத்து, கேட்டால் மட்டும் படம் அனுப்பும்படி வையுங்கள்.

இரண்டு கணுக்களை இரு வீடுகளுக்கிடையே ஒரு மழைப்பருவம் முழுதும் ஓட்டிப் பார்த்த பிறகே மூன்றாவதைச் சேர்ப்பது நல்லது. மூன்றாவதைச் சேர்க்கும்போது மூன்றும் ஒன்றையொன்று நேரே எட்டி முக்கோணம் மூடும்படி இடம் தேடுங்கள். தைப்பூசக் காவடி நாளில் கோயில் வளாகத்தில் உரிமம் பெற்ற இயக்குநர்கள் முதலுதவிக் கூடாரத்துக்கும் வாயிலுக்கும் இடையே தமக்குள் செய்தி அனுப்பிப் பழகலாம். கூட்டமும் இரைச்சலும் உள்ள சூழலில் எது உடைகிறது என்று அன்றே தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை யாருக்கும் முன்னறிவிப்பின்றி மையக் கணுவை அணைத்து, தரவு வேறு வழியே போகிறதா, எத்தனை நொடியில் போகிறது என்று பதிவேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அழைப்புக்குறியும் தொடர்பு எண்ணும் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு கணுவின் அமைப்புக் கோப்பும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டு, உரிமம் பெற்ற குறைந்தது இரண்டு பேரின் வீடுகளில் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவராவது ஆற்றின் மறுகரையில் வசிப்பவராக இருக்கட்டும்.